பழைய டர்போ காரில் பெட்ரோல் பிரஷர் குறைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் சின்ன ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். இந்தப் பக்கத்தில் ஒரு பழைய கார் பழுதாவதற்கு, ஓடியதைவிட ஓடாமல் நின்றதுதான் பல நேரம் காரணம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். வண்டி கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஊர் வீட்டு ஷெட்டில் உறை போர்த்தி நிற்கும். கல்யாணம், படைப்பு, அறுபதாம் கல்யாணம் என்று வரும்போது வெளியே எடுப்பார்கள். ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டர்போ, ஃபியட் லீனியா டி-ஜெட் போன்ற டர்போ பெட்ரோல் கார்கள் வந்த காலத்தில் ஆசையாக வாங்கியவர்கள் இங்கே உண்டு. அவை இப்போது வயதான வண்டிகள். "பிக்கப் இல்லை", "மிதித்தால் திணறுகிறது" என்று போனில் கேட்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். முதலிலேயே ஒன்று: பிரஷர் காட்டும் கேஜ் வைத்து அளக்காமல் யாரும் பம்ப் வாங்காதீர்கள்.

பெட்ரோல் பிரஷர் குறைகிறது என்று எப்போது சந்தேகப்பட வேண்டும்?

ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் அமைதியாக நிற்கும், கல்லுக்கட்டி நெரிசலில் சொன்னபடி ஊர்ந்து போகும். திருமயம் சாலையில் ஒரு லாரியை முந்துவதற்காக மிதிக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். டர்போ எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளத் தொடங்குகிற நேரத்தில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வண்டி தயங்கும். காலைக் கொஞ்சம் எடுத்தால் சரியாகும். மறுபடி மிதித்தால் மறுபடி திணறும்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. 1.8 லிட்டர் எஞ்சின் ஐடிலில் நிற்க மணிக்குச் சுமார் 1 லிட்டர் பெட்ரோல் போதும். அதே எஞ்சின் தன் 150 குதிரைத்திறனையும் கொடுக்கும்போது மணிக்கு 50 லிட்டர் கணக்கில் கேட்கும். ஏறத்தாழ ஐம்பது மடங்கு. கிழடு தட்டிய பம்ப்கூட அந்த 1 லிட்டரைச் சிரமம் இல்லாமல் கொடுத்துவிடும். அதனால் "ஐடிலில் நன்றாகத்தானே நிற்கிறது" என்பதை யாரும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னும் சில அடையாளங்கள்: சூடான எஞ்சினை அணைத்து அரை மணி கழித்துப் போட்டால் செல்ஃப் நீளமாகச் சுற்றும். டேங்க் கால் பங்குக்குக் கீழே போனால் தொந்தரவு கூடும். மத்தியான வெயிலில் மோசமாகவும் விடியற்காலையில் நன்றாகவும் ஓடும். ஸ்கேனரில் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை என்ற கோடு வரும்.

டர்போ இல்லாத காரிலும் பிரஷர் குறையும். டர்போ காரில் மட்டும் ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்?

இன்ஜெக்டரின் ஒரு பக்கம் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பங்கிடும் குழாயில், இருக்கும் பெட்ரோல். மறுபக்கம் மேனிஃபோல்டில், அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில், இருக்கும் காற்று. இரண்டு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் பெட்ரோலை உள்ளே பீய்ச்சுகிறது. டர்போ வேலை செய்யாதபோது மேனிஃபோல்டில் வாக்கும் (வெற்றிட இழுப்பு) இருக்கும், அது பெட்ரோலை உறிஞ்சி உதவும். டர்போ தள்ளும்போது நிலைமை தலைகீழ்: காற்றே இன்ஜெக்டர் வாயை எதிர்த்துத் தள்ளும்.

இதைச் சமாளிக்கத்தான் பெட்ரோல் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து ஒரு மெல்லிய ஹோஸ் மேனிஃபோல்டுக்குப் போகிறது. டர்போ 0.6 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) தள்ளினால் ரெயில் பிரஷரும் 0.6 பார் ஏற வேண்டும். அடிப்படை 3 பார் என்றால், மிதிக்கும்போது 3.6 காட்ட வேண்டும். அது ஏறாமல் 3-லேயே நின்றுவிட்டால் இன்ஜெக்டருக்குக் கிடைக்கும் வித்தியாசம் 2.4 பார்தான். பெட்ரோல் அளவு சுமார் 10 சதவிகிதம் குறையும். ரெயில் 2.6-க்கு இறங்கினால் வித்தியாசம் 2 பார், குறைவு 18 சதவிகிதம்.

எஞ்சினுக்குள் வெப்பமும் அழுத்தமும் உச்சத்தில் இருக்கிற நேரத்தில்தான் இந்தப் பஞ்சம் வருகிறது. கூடுதல் பெட்ரோல் சிலிண்டரைக் குளிர்விக்க வேண்டிய தருணம் அது. அது இல்லாவிட்டால் கலவை நேரம் தவறி வெடிக்கும் நாக்கிங் வரும், பிஸ்டனில் ரிங் உட்காரும் இடம் உடையும், எக்ஸாஸ்ட் வால்வும் டர்போவின் டர்பைனும் வெந்துபோகும். அதனால்தான் கேட்பவர்களிடமெல்லாம் கெஞ்சிச் சொல்கிறேன்: திணறல் தெரிந்தால், அளந்து பார்க்கும் வரை வண்டியை மிதித்து ஓட்டாதீர்கள். மெதுவாக ஓட்டி வீட்டுக்கு வந்துவிடலாம், அதனால் ஒன்றும் ஆகாது.

கேஜ் இல்லாமல் வீட்டிலேயே ஏதாவது பார்க்க முடியுமா?

மூன்று விஷயம் பார்க்கலாம். சாவியை ஆன் செய்தால் பல வண்டிகளில் பின் சீட்டுக்கு அடியில் ஒன்றிரண்டு நொடி "ம்ம்ம்" என்று பம்ப் சத்தம் வரும். சில வண்டிகளில் கதவைத் திறந்தாலே வரும். அந்தச் சத்தம் கீச்சென்றோ இழுத்து இழுத்தோ கேட்டால் கவனியுங்கள்.

அடுத்து, திணறும்போது ஓரமாக நிறுத்தி பெட்ரோல் மூடியைத் திறங்கள். பலமாகக் காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டு, அப்புறம் வண்டி நன்றாக ஓடினால், டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது.

மூன்றாவது, எஞ்சின் ஆறிய பிறகு ரெகுலேட்டரின் மெல்லிய வாக்கும் ஹோஸைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃப்ரம் (உள் சவ்வு) கிழிந்துவிட்டது. இதற்கு மேல் ஊகம்தான்.

கேஜ் மாட்டும்போது என்ன கவனம் வேண்டும்?

இது பெட்ரோல். ஷெட்டுக்குள் வேண்டாம், வெட்டவெளியில் செய்யுங்கள். நம் வீடுகளில் முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலும் இருக்கும். ஷெட் பெரும்பாலும் பின்பக்கம். விசேஷ நாளில் அதே பக்கத்தில்தான் கோட்டை அடுப்பு மூட்டிச் சமையல் நடக்கும். அந்த நாளில் இந்த வேலையை எடுக்கவே எடுக்காதீர்கள். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து வெகுதூரம் போகும்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டால் லைனில் உள்ள பிரஷர் இறங்கும். அதன் பிறகும் இணைப்பைத் துணி சுற்றித்தான் கழற்ற வேண்டும். பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் போதும், சூடாகும் பல்பு விளக்கு வேண்டாம்.

கேஜ் 0–10 பார் அளவு கொண்டதாக, நீளமான ஹோஸோடு இருந்தால் நல்லது. ரெயிலில் டெஸ்ட் வால்வு இருந்தால் அதில் மாட்டலாம். இல்லாவிட்டால் சப்ளை ஹோஸில் டி-பிட்டிங் போட வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் முதல் வேலை, ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது.

எவ்வளவு காட்ட வேண்டும்?

உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்தான் இறுதி. 3 பார் ரெகுலேட்டர் கொண்ட 1.8 டர்போ வகை எஞ்சின்களில் நான் எதிர்பார்ப்பது இது: ஐடிலில் ஏறத்தாழ 2.5 பார். வாக்கும் ஹோஸைக் கழற்றி அடைத்தால் 3 பார். எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்தும் 2 பாருக்குக் கீழே போகக் கூடாது. பிஎஸ்ஐயில் காட்டும் கேஜ் என்றால் 3 பார் என்பது 43.5.

ஆனால் எல்லா வண்டியும் இப்படி இல்லை. பிந்தைய வண்டிகள் பலவற்றில் மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைனே கிடையாது. ரெகுலேட்டர் டேங்குக்குள்ளோ ஃபில்டரோடு சேர்ந்தோ இருக்கும். அவற்றில் பிரஷர் ஐடிலிலும் டர்போ தள்ளும்போதும் ஒரே அளவில் நிற்கும், வித்தியாசத்தை ஈசியு (எஞ்சினின் கணினி) இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைக் கூட்டிச் சரிக்கட்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொண்டு ஊசியைப் பாருங்கள். தெரியாமல் பார்த்தால் நல்ல வண்டியும் கெட்டதாகத் தெரியும்.

நிற்கும்போது கேஜ் சரியாகக் காட்டுகிறது. அப்படியானால் பிரஷர் பிரச்சினை இல்லையா?

இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நிற்கிற வண்டியில் எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு "பிரஷர் ஓகே" என்று எழுதிவிடுகிறார்கள். ஓட்டிப் பார்க்காமல் முடிவே சொல்லக் கூடாது.

கேஜை வண்டிக்குள் கொண்டுவராதீர்கள், ஹோஸ் வெடித்தால் கேபினுக்குள் பெட்ரோல் தெறிக்கும். பானெட் விளிம்பு வழியாக ஹோஸை வெளியே எடுத்து, கண்ணாடிக்கு வெளியே வைப்பருக்குக் கீழே கேஜை டேப் போட்டு ஒட்டுங்கள். ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் வீடியோ எடுக்கட்டும். ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலை, மூன்றாவது கியர், 2,000 ஆர்பிஎம்மில் தொடங்கி முழு மிதி.

போன சித்திரையில் ஒரு வண்டியில் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். ஐடிலில் ஊசி 2.5-இல் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. மிதித்ததும் 3-ஐத் தாண்டி 3.5 வரை ஏறியது. பரவாயில்லையே என்று நினைத்தேன். 3,500 ஆர்பிஎம் வந்தபோது ஊசி அங்கேயே நின்று நடுங்கியது. அப்புறம் இறங்க ஆரம்பித்தது. 3.3, 3.0, 2.7. அந்த 2.7-இல்தான் வண்டி குலுங்கியது. காலை எடுத்ததும் ஊசி எதுவும் நடக்காதது போல 2.5-க்குப் போய் நின்றது. ஷெட்டில் நிறுத்தி வைத்து ஒரு வாரம் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது.

சாலையில் ஓட்ட வழியில்லை என்றால் அளவுப் பாத்திரச் சோதனை உண்டு. எஞ்சினை அணைத்து, ரிட்டர்ன் ஹோஸை ஒரு தகர கேனுக்குள் விட்டு, பம்பை மட்டும் தனியாக 30 நொடி ஓடவிட்டு அளக்க வேண்டும். மணிக்கு 50 லிட்டர் என்றால் 30 நொடிக்கு 420 மில்லி. அது வெறும் தேவை. கையிருப்போடு அரை லிட்டருக்கு மேல் வந்தால்தான் எனக்கு நிம்மதி.

குறைவு உறுதியாகிவிட்டது. பம்ப் மாற்றிவிடலாமா?

பொறுங்கள். பம்புக்குப் போகும் வோல்ட்டை முதலில் அளங்கள்.

புதுவயல் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வெளியூரில் ஒரு இடத்தில் இரண்டு தடவை புதுப் பம்ப் போட்டிருந்தார்கள். இரண்டு தடவையும் நாலு நாள் நன்றாக ஓடி, மறுபடி அதே திணறல். அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது, மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். பின் சீட்டைத் தூக்கி, பம்ப் கனெக்டரைக் கழற்றாமல், வயருக்குப் பின்பக்கமாக ஊசியைச் செருகி, எஞ்சின் ஓடும்போது அளந்தேன். பேட்டரியில் 13.9 வோல்ட். பம்பில் 11.3. வழியில் 2.6 வோல்ட் காணாமல் போயிருந்தது.

எங்கே போனது என்று கண்டுபிடிக்க மல்டி மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை பம்ப் பாசிட்டிவிலும் வைக்க வேண்டும். பம்ப் ஓடும்போது காட்டுகிற எண்ணே அந்தப் பக்கத்து இழப்பு. அங்கே 0.3 தான். பம்ப் நெகட்டிவிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு வைத்தேன்: 2.3. எர்த். கார்ப்பெட்டைத் தூக்கினால் எர்த் போல்ட் இருக்கும் தகட்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. முன்பு எப்போதோ உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. தகட்டை மின்னும் வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் அடித்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். பம்பில் 13.4 வந்தது. சாலையில் 3.6 நின்றது. பம்ப் மாற்றவில்லை.

பம்புக்கு வோல்ட் குறைந்தால் சுற்றும் வேகம் குறையும். 2 வோல்ட் குறைந்தால் பெட்ரோல் வரத்து கால் பங்கு வரை குறையலாம். ஐடிலில் அது தெரியாது, முழு மிதியில் தெரியும். பாசிட்டிவ், எர்த் எந்தப் பக்கமானாலும் 0.5 வோல்டுக்கு மேல் இழப்பு இருந்தால் விடாதீர்கள். ரிலே முனைகள், ஃபியூஸ் உட்காரும் இடம், டேங்க் மேல் உள்ள கனெக்டர் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கனெக்டர் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தால் அங்கேதான் சூடாகிறது.

ஒரு எச்சரிக்கை. கனெக்டரைக் கழற்றி அளந்தால் முழு 12 வோல்டும் காட்டும். கரண்ட் ஓடாதபோது கெட்ட எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும். பலர் தவறுவது இதில்தான். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் அளங்கள். உலோக அரிப்பையும் ஆராய்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், 1953-லிருந்து நம் ஊரில் இயங்குகிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்துக் கொண்டுவந்த ஆராய்ச்சி நிலையம். அந்த ஊர்க்காரர்கள் நாம் எர்த் போல்டைப் பார்க்காமல் பம்ப் வாங்கக் கூடாது.

ஆம்பியர் அளந்தால் ஏதாவது தெரியுமா?

தெரியும். இந்த வகை பம்புகள் பெரும்பாலும் 4 முதல் 8 ஆம்பியர் வரை இழுக்கும். பிரஷர் குறைவு, ஆம்பியர் அதிகம் என்றால் பம்ப் இறுகியிருக்கிறது அல்லது பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் வழியில் அடைப்பு இருக்கிறது. பிரஷர் குறைவு, ஆம்பியரும் குறைவு, வோல்ட் மட்டும் சரி என்றால் பம்ப் சுமையில்லாமல் சுற்றுகிறது. தேய்ந்த பம்ப், திறந்தே கிடக்கும் ரெகுலேட்டர், டேங்குக்குள் கிழிந்த ஹோஸ் இவற்றில் ஒன்று.

ஃபில்டர் அடைத்திருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

எப்போது மாற்றியது என்று ஞாபகம் இல்லையென்றால் மாற்றிவிடுங்கள், விலை குறைவு. ஆனால் பழையதைத் தூக்கி எறியாதீர்கள். உள்ளே பெட்ரோல் நுழையும் வாயைக் கீழே பிடித்து, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் உள்ளதைக் கொட்டிப் பாருங்கள். லேசான மஞ்சளாக வந்தால் சரி. காப்பி டிகாக்‌ஷன் போலக் கறுப்பாக வந்து, அடியில் செங்கல் பொடி மாதிரி படிந்தால் டேங்குக்குள் துரு. கிண்ணத்தின் அடியில் தண்ணீர் முத்து முத்தாகத் தனியாக உருண்டாலும் டேங்கை இறக்கிக் கழுவித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் புது ஃபில்டரும் அடைக்கும். ஃபில்டரில் அம்புக்குறி எஞ்சின் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டி வந்த வண்டிகளும் உண்டு.

பம்பா, ரெகுலேட்டரா? எப்படிப் பிரிப்பது?

ரிட்டர்ன் லைன் உள்ள வண்டியில், கேஜைப் பார்த்தபடி ரிட்டர்ன் ரப்பர் ஹோஸை மென்மையான கிளாம்ப் வைத்து ஒன்றிரண்டு நொடி மட்டும் அழுத்துங்கள். ஊசி விறுவிறுவென்று 5 பாரை நோக்கி ஏறினால் பம்பில் பலம் இருக்கிறது, ரெகுலேட்டர்தான் பெட்ரோலைத் திருப்பி விட்டுக்கொண்டிருக்கிறது. ஏறவே திணறினால் பம்ப், ஃபில்டர், வயரிங் பக்கம் போங்கள். நைலான் பைப்பை அழுத்தாதீர்கள், மடங்கி உடையும்.

ரெகுலேட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸையும் கையால் முழு நீளம் தடவுங்கள். ஷெட்டில் நின்ற வண்டிகளில் எலி கடித்த ஹோஸ் எனக்குப் பலமுறை கிடைத்திருக்கிறது. அது கிழிந்தால் ஐடிலில் 2.5-க்குப் பதில் 3 காட்டும், மிதித்தால் 3-க்கு மேல் சரியாக ஏறாது. பார்க்கிறவருக்கு ஐடில் எண் "நல்லா இருக்கே" என்று தோன்றும்.

சூடாக நிறுத்தி மறுபடி போட்டால் நீளமாக செல்ஃப் அடிக்கிறது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஏன்?

பிரஷர் தங்கவில்லை. அணைத்ததும் கேஜைப் பாருங்கள். மளமளவென்று இறங்கினால், மறுபடி பிரஷர் ஏற்றி அணைத்த உடனே சப்ளை ஹோஸை அழுத்திப் பிடியுங்கள். இறங்குவது நின்றால் பம்பில் உள்ள, பெட்ரோல் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வு. நிற்காவிட்டால் ரிட்டர்னை அழுத்துங்கள். அதில் நின்றால் ரெகுலேட்டர். இரண்டையும் அழுத்தியும் இறங்கினால் ஏதோ ஒரு இன்ஜெக்டர் ஒழுகுகிறது. ஒழுகும் இன்ஜெக்டர் இருக்கும் சிலிண்டரின் பிளக் கறுப்பாக இருக்கும்.

டேங்க் கால் பங்குக்குக் கீழே போனால் மட்டும் திணறுகிறதே?

பம்ப் ஒரு சின்ன வாளிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பல வண்டிகளில் ரிட்டர்னில் வரும் பெட்ரோலின் வேகத்தை வைத்து ஒரு ஜெட் அந்த வாளியை நிரப்பிக்கொண்டே இருக்கும். அது அடைத்தாலோ வாளி விரிசல் விட்டாலோ, பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வளைவிலும் மிதியிலும் பம்ப் காற்றைக் குடிக்கும். தவிரவும் பம்ப் மோட்டாரைக் குளிர்விப்பதே சுற்றியுள்ள பெட்ரோல்தான். மே மாத வெயிலில் கால் டேங்கோடு ஓட்டினால் அந்தக் கொஞ்சப் பெட்ரோல் சூடேறி ஆவி குமிழியிடும். நம் பக்கத்து வெயிலுக்கு அரை டேங்குக்குக் கீழே விடாமல் இருப்பது நல்ல பழக்கம்.

டேங்குக்குள் பம்பிலிருந்து மேல் மூடிக்குப் போகும் குட்டி ஹோஸையும் மறக்காதீர்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே திரும்பக் கொட்டும். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது. மாற்றும்போது சாதாரண பெட்ரோல் ஹோஸைப் போடக் கூடாது, அது உள்ளே மட்டும்தான் பெட்ரோலைத் தாங்கும். முழுகிக் கிடப்பதற்கென்று உள்ள, 30ஆர்10 என்ற தர எண் கொண்ட வகை வேண்டும். வெளியே எஞ்சின் பக்கம் 30ஆர்9.

"தம்பி, நாங்க சென்னையில இருக்கோம். வண்டி தேவகோட்டை வீட்டுல பத்து மாசமா நிக்குது. தைக்கு வர்றோம், அப்படியே எடுத்து ஓட்டலாமா?"

இப்படிக் கேட்ட ஆச்சிக்குச் சொன்னதையே எழுதுகிறேன். ஆச்சி, நேரே சாவியைப் போடாதீர்கள். முதலில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாசனை போய் பழைய வார்னிஷ் மாதிரி அடித்தால் முழுவதையும் இறக்கிவிட்டுப் புதுப் பெட்ரோல், புது ஃபில்டர். பேட்டரி நன்றாக ஏறிய பிறகே பம்பைச் சத்தம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஃபியூஸ் எரிந்துகொண்டே இருந்தால் பம்ப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம், பெரிய ஃபியூஸைப் போட்டுச் சமாளிக்கக் கூடாது. பானெட்டைத் திறந்து எலி கடித்த தடம் பார்க்க வேண்டும். முதல் ஐம்பது கிலோமீட்டர் டர்போ தள்ளும் அளவுக்கு மிதிக்காமல் ஓட்டட்டும்.

திரும்பச் சென்னைக்குப் போகும்போது டேங்கை ஏறத்தாழ நிரப்பி வையுங்கள், உள்ளே காற்று குறைந்தால் ஈரமும் குறையும். நம்பிக்கையான ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளையார்பட்டி வரை போய்வரட்டும். ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பிரயோஜனம் இல்லை.

இ20 பெட்ரோல்தான் காரணம் என்கிறார்களே?

எல்லாவற்றுக்கும் அதைக் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் பங்கு இருக்கிறது. இ20 2023 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது, 2025-இல் நாடு 20 சதவிகித எத்தனால் கலப்பை எட்டியது. நாம் பேசும் வண்டிகள் அதற்கு வெகு முன்பே வடிவமைக்கப்பட்டவை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்கில் பல வருடம் படிந்ததைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும், பழைய ரப்பரை மென்மையாக்கி உப்ப வைக்கும். நீண்ட நாள் நிற்கும் வண்டியில் இது மூன்றும் சேர்ந்து வரும்.

இன்னொரு நுணுக்கம். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே அளவு காற்றுக்கு இ20 கூடுதலாக வேண்டும். சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் சுமார் 8 சதவிகிதம். எனவே ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம் (ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவிகிதம்) கூட்டல் 5, 6 என்று காட்டினால் உடனே பிரஷர் குறைவு என்று முடிவு கட்டாதீர்கள். கூட்டல் 15, 20 என்றால் தேட வேண்டியதுதான்.

பி0171 வந்தாலே பிரஷர் குறைவுதானா?

இல்லை. ட்ரிம்மை இரண்டு இடத்தில் பாருங்கள். ஐடிலில் அதிகம், வேகம் கூடினால் சரியாகிறது என்றால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. ஐடிலில் சரி, சுமை ஏற ஏற அதிகமாகிறது என்றால் பெட்ரோல் பற்றாக்குறை, அல்லது அழுக்குப் பிடித்த ஏர் ஃப்ளோ சென்சார். இந்த இரண்டும் ஸ்கேனரில் ஒரே மாதிரி தெரியும். பிரித்துச் சொல்வது கேஜ் மட்டும்தான். டர்போவுக்குப் பின்னால் ஹோஸ் கிழிந்து காற்று வெளியேறினால், அந்த சென்சார் உள்ள வண்டியில் நேர்மாறாக மிதிக்கும்போது கரும்புகை வரும்.

பெரிய பம்பாகப் போட்டுவிட்டால் நல்லதுதானே?

வேண்டாம். கூடுதல் பெட்ரோலைத் திருப்பி அனுப்ப ரிட்டர்ன் லைனால் முடியாமல் ஐடிலில் பிரஷர் ஏறி நிற்கும். பழைய வயரும் ரிலேவும் கூடுதல் ஆம்பியரைத் தாங்காது. கம்பெனி அளவு பம்பே போதும்.

டீசல் டர்போவுக்கும் டிஎஸ்ஐ (நேரே சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டிக்கும் இதே முறையா?

தாழ்வழுத்தப் பக்கம் மட்டும் இதே யோசனை: ஃபில்டர், வோல்ட், காற்றுக் கசிவு. டீசலில் ஃபில்டருக்குப் பின் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒன்றை மாட்டினால் காற்றுக் குமிழி கண்ணுக்குத் தெரியும். உயரழுத்தப் பக்கம் வேறு உலகம். காமன் ரெயில் டீசலில் 1,400, 1,600 பார் வரை போகும். டிஎஸ்ஐ வகை பெட்ரோலில் 100 பாருக்கு மேல். ஓடும் எஞ்சினில் அந்த பைப்பைத் தளர்த்தவோ கசிவைக் கையால் தேடவோ கூடாது. அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டி வரும். அங்கே ஸ்கேனரில் ரெயில் பிரஷரைப் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பம்ப்தான் போய்விட்டது என்று உறுதியாகிவிட்டது. வாங்கும்போதும் மாற்றிய பிறகும் என்ன பார்க்க வேண்டும்?

டூப்ளிகேட் நிறைய வருகிறது. விலை பாதிக்கும் கீழே என்றால் சந்தேகப்படுங்கள். அடியில் மாட்டும் வலை, மேல் மூடியின் ரப்பர் வளையம், உள் ஹோஸ், கிளாம்ப் நான்கையும் சேர்த்தே புதிதாக வாங்குங்கள். பழைய வளையத்தையே திரும்பப் போட்டால் டேங்கை நிரப்பும்போது கேபினுக்குள் பெட்ரோல் வாசனை வரும்.

மாட்டிய பிறகு வோல்ட் இழப்பை மறுபடி அளங்கள். கேஜை வைப்பருக்குக் கீழே ஒட்டி, முன்பு ஓட்டிய அதே சாலையில் அதே மூன்றாவது கியரில் மறுபடி ஓட்டுங்கள். ரிட்டர்ன் லைனும் 3 பார் ரெகுலேட்டரும் உள்ள வண்டியில் ஊசி 3.6-க்கு ஏறி, 5,000 ஆர்பிஎம் வரை அங்கேயே நிற்க வேண்டும். ஐடில், ஹோஸ் கழற்றியது, முழு மிதி, பத்து நிமிடம் கழித்து என்று நான்கு எண்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி சர்வீஸ் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். அடுத்து யார் பானெட்டைத் திறந்தாலும் அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.